சின்ன வேன் வண்டிக்குள் மடக்குக் கட்டில்: கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே விரிக்க (அனுபவப் பகிர்வு)

குலசேகரம்

என்னுடையது மாருதி ஈகோ வேன். உள்ளே எதிரெதிரே இரண்டு பெட்டி இருக்கை, நடுவில் ஒற்றைக் கால் மேசை. ராத்திரி படுக்க மேசையை இறக்கி இடைவெளியை மூடி, மேலே ஐந்து துண்டு மெத்தையை அடுக்க வேண்டும். மழைக்காலம் வந்தால் மேசைப்பலகை பாதியிலேயே மாட்டிக்கொள்கிறது. மேசைக் கால் குழியை விட்டு வருவதில்லை. மெத்தையில் எந்தத் துண்டு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. இதற்கெல்லாம் முன்னால் உள்ளே இருக்கிற சாமான் முழுவதையும் வெளியே எடுத்து வைக்கணும். பேச்சிப்பாறை பக்கம் மழை பிடித்தால் அது நடக்கிற காரியமா? இருப்பதைத் திருத்தினால் போதுமா, புதிதாகச் செய்ய வேண்டுமா? தெரிந்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.

தக்கலை, தச்சு வேலை

தம்பி, இரண்டுக்கும் வழி உண்டு. எதைச் செய்தாலும் ஒன்றை மட்டும் விடாதீர்கள்: நாலு கதவும் டிக்கியும் மூடியிருக்க, ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்தபடி கட்டிலை விரிக்க முடியணும். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று வாங்குகிற நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில், டிக்கியைத் தூக்கினால்தான் விரியும் என்கிற கட்டில் வருஷத்தில் பாதி நாள் உதவாது.

முதலில் உங்கள் மேசை. ப்ளைவுட் பலகை அகலத்தில் அவ்வளவாக ஊதாது. ஊதுவது ஓரம்தான். வெட்டிய ஓரத்துக்கு வார்னிஷ் கொடுக்காமல் விட்டால் அங்கே தண்ணீர் ஏறி, 12 மில்லிமீட்டர் பலகை ஓரத்தில் மட்டும் தடித்துப்போகும். இன்னொரு காரணம், வண்டி மேடுபள்ளத்தில் நிற்கும்போது பாடி லேசாக முறுக்கிக்கொள்ளும். சமதரையில் அளந்த இடைவெளி அங்கே ஒரு மூலையில் குறையும். அதனால் பலகையை இரண்டு பக்கமும் 4 மில்லி குறைத்து இழையுங்கள். அடி ஓரத்தைச் சரித்துச் சீவி, ஓரம் முழுக்க இரண்டு கோட் வார்னிஷ் கொடுங்கள். தாங்குகிற அலுமினிய ஆங்கிள் 25க்கு 25 போதும். அதை இருக்கையின் மேல்மட்டத்திலிருந்து பலகை கனம் அளவுக்குக் கீழே வைக்கணும். சன்மைக்கா ஒட்டியிருந்தால் 13 மில்லி. அந்த ஒரு மில்லியை விட்டுவிட்டால் முதுகுக்கு நடுவே ஒரு வரம்பு நிற்கும்.

இதைவிட நல்ல வழி, மேசையைக் கட்டிலாக்குவதையே விட்டுவிடுவது. ரீப்பர் பாய் ஒன்று செய்துகொள்ளுங்கள், அதாவது மெல்லிய மரச் சட்டங்களைப் பெல்ட்டில் கோத்த பாய். இரண்டு இருக்கைப் பெட்டிக்கும் நடுவே இடைவெளி 560 மில்லி என்றால் ரீப்பரின் நீளம் 552. அகலம் 60, கனம் 18. ஆங்கிளையும் அந்த 18க்குக் கீழே இறக்கணும். பன்னிரண்டு ரீப்பர், நடுவே 40 மில்லி இடைவெளி விட்டால் மொத்தம் 1160 மில்லி வரும். 25 மில்லி நைலான் பெல்ட் இரண்டு வரிசை, ஓரத்திலிருந்து 80 மில்லி உள்ளே. ஒவ்வொரு ரீப்பரிலும் பெல்ட்டுக்கு ஒரு ஸ்க்ரூவும் வாஷரும். பெல்ட்டில் ஓட்டை போட ஆணியைச் சூடாக்கி உருக்கிக் குத்துங்கள். கத்தியால் கிழித்தால் நூல் பிரிந்து ரீப்பர் கழன்றுவிடும். ரப்பர் மரத் தடியில் செய்தால் எல்லாம் சேர்த்து நாலு கிலோ சொச்சம்தான் வரும். சுருட்டி இருக்கைக்கு அடியில் வைக்கலாம். ராத்திரி ஆங்கிள் மேல் வைத்து உருட்டிவிட்டால் முடிந்தது. உட்கார்ந்தபடியே செய்யலாம். ஆங்கிள் மேல் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால் ஓட்டத்தில் கடகடக்காது.

தக்கலை, தச்சு வேலை

புதிதாகச் செய்கிறவர்களுக்கு இழுப்புக் கட்டில்தான் என் சிபாரிசு. இரண்டு சீப்பின் பல்லை ஒன்றுக்குள் ஒன்று விட்ட மாதிரி. ஒரு சீப்பு பெட்டியோடு நிற்கும், இன்னொன்று முன்னால் வரும்.

அளவு: ரீப்பர் 45 அகலம், 25 கனம், 950 நீளம். நிற்பது 12, நகர்வது 11. ஒவ்வொன்றுக்கும் நடுவே 3 மில்லி. கட்டில் அகலம் 1101 வரும். 950 ஆழமுள்ள பெட்டியிலிருந்து 830 வெளியே இழுத்து, 120 மில்லி உள்ளே நிற்கவிட்டால் நீளம் 1780. உயரமானவர்கள் பெட்டி ஆழத்தைக் கூட்டுங்கள், அந்த 120ஐக் குறைக்காதீர்கள். பகலில் 950 முழுவதும் உட்கார வேண்டியதில்லை. பின்னால் 350 மில்லியை முதுகு மெத்தைக்கும் சாமானுக்கும் விடலாம்.

நிற்கும் ரீப்பர்களைப் பின் சட்டத்திலும் பெட்டியின் முன்பலகை மேலும் ஸ்க்ரூ பண்ணணும். நகரும் ரீப்பர்களின் முன்நுனியை தனியாக இன்னொரு முன்பலகையில் பிடிக்கணும். அந்தப் பலகையே தரைவரை இறங்கி காலாக நிற்கும், கீல் எதுவும் வேண்டாம். நகரும் ரீப்பர்களின் பின்நுனியில், அடிப்பக்கமாக ஒரு குறுக்குச் சட்டம். இதுதான் முக்கியமான துண்டு. இது நிற்கும் ரீப்பர்களுக்கு அடியில் ஓடுவதால் முன்னால் ஆள் உட்கார்ந்தாலும் பின்பக்கம் தூக்காது. முழுதாக இழுத்ததும் பெட்டியின் முன்பலகையில் உள்ளிருந்து முட்டி நிற்கும், கழன்று விழாது. இந்தச் சட்டம் இல்லாத இழுப்புக் கட்டில் முழங்கால் ஊன்றியதுமே கவிழ்கிறது.

3 மில்லி ஏன் என்றால், 45 மில்லி ரீப்பர் மழைக்காலத்தில் முக்கால் மில்லிவரை ஊதும். 1 மில்லி விட்டு நெருக்கமாகச் செய்தது சித்திரையில் வழுக்கிக்கொண்டு ஓடும், ஐப்பசியில் இறுகிவிடும். பொருத்தும்போது 3 மில்லி ஹார்ட்போர்டுத் துண்டுகளை நடுவே செருகிவைத்து ஸ்க்ரூ பண்ணுங்கள். வார்னிஷ் அடித்துக் காய்ந்த பிறகுதான் பொருத்தணும். நாலு பக்கத்தோடு வெட்டுமுகத்துக்கும் அடிக்கணும். அதிகத் தண்ணீர் குடிப்பது வெட்டுமுகம்தான்.

ரப்பர் தடி வாங்கும்போது போரிக் மருந்து ஏற்றியதா என்று கேட்டு வாங்குங்கள். ஏற்றாத தடி சீக்கிரமே உளுத்து மாவாகக் கொட்டும். அயனி மரம் கிடைத்தால் அதுவும் நல்லது, விலைதான் கூடுதல்.

உரசும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். எண்ணெய் விடவே கூடாது. தூசியைப் பிடித்து இரண்டு மாதத்தில் பிசினாகிவிடும்.

முட்டம்

தக்கலை அண்ணன் சொன்னதோடு கடற்கரைக்காரர்களுக்குக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

கட்டிலை லேசாக இழுக்கலாம் என்று டிராயருக்குப் போடுகிற பால்பேரிங் சேனலை வைக்காதீர்கள். மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கத்து மணலில் இல்மனைட் என்கிற கருமணலோடு கார்னெட்டும் கலந்திருக்கிறது. உப்புத்தாள் செய்கிற கல் அது. செருப்பில் ஒட்டி வந்து சேனலில் விழுந்தால் பேரிங் குண்டு ஓடுகிற பாதையையே அரைத்துவிடும், மேலே உப்புக்காற்றும் சேர்ந்தால் துருப்பிடித்து நடுவழியில் நின்றுவிடும். சேனல் நின்றால் கட்டிலை உள்ளேயும் தள்ள முடியாது, வெளியேயும் இழுக்க முடியாது.

அதற்குப் பதில் காலாக நிற்கிற முன்பலகையின் அடியில் எச்டிபிஇ பிளாஸ்டிக் பட்டை. சமையலறை வெள்ளைக் கட்டிங் போர்டு 10 மில்லி கனத்தில் கிடைக்கும், அதை 20 மில்லிப் பட்டையாக அறுத்தால் போதும். ஸ்க்ரூ தலை உள்ளே அமுங்கும்படி குழி வெட்டுங்கள். நைலான் பட்டை வேண்டாம், ஈரம் குடித்து ஊதும்.

அலுமினிய ஆங்கிளில் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ போட்டால், உப்பு ஈரத்தில் அலுமினியம்தான் அரிக்கும். ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்தால் அதுதான் அடையாளம். ஸ்க்ரூவின் புரியில் கிரீஸ் தடவி, தலைக்கு அடியில் நைலான் வாஷர் போட்டால் நாள்பட வரும். எஸ்எஸ்ஸில் 304 ரகத்தை விட 316 ரகம் தாங்கும். சின்னமுட்டம், குளச்சல் பக்கம் படகுச் சாமான் விற்கிற கடையில் கேட்டுப் பாருங்கள்.

கட்டில் ஓட்டத்தில் நகராமலிருக்கக் காந்தக் கொண்டியை நம்பாதீர்கள். கருமணல் அதில் தாடியாகப் பிடித்து, பிறகு பலகை சரியாக ஒட்டாது. பெரிய தாழ்ப்பாள் ஒன்று போதும்.

குலசேகரம் நண்பரின் மேசைக் கால் வராததற்கும் இதே உப்புதான் காரணமாக இருக்கலாம், அலுமினியக் குழாய் அலுமினியக் குழிக்குள் பூத்து இறுகுவது. இப்போதைக்கு வெந்நீர் ஊற்றி, மேசையைக் கழற்றி, குழாயைத் திருகித் தூக்குங்கள். வந்ததும் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து மெழுகு பூசிவிடுங்கள்.

மார்த்தாண்டம், மெத்தை தையல்

ஐந்து துண்டு மெத்தைதான் உங்கள் நேரத்தைத் தின்கிறது. மூன்று போதும், மூன்றும் ஒரே அளவு: 1100க்கு 595, கனம் 100. ஒரே அளவு என்றால் எது எங்கே என்ற கேள்வியே எழாது. 40 டென்சிட்டி ஃபோமில் ஒன்று 2.6 கிலோ வரும். இழுப்புக் கட்டிலை விரித்தால் ரீப்பர் இடைவெளி 51 மில்லி ஆகிவிடும். அதில் இரண்டு இன்ச் மெத்தை போட்டால் விலா எலும்பு ரீப்பரை எண்ணும். நாலு இன்ச்சுக்குக் குறையாதீர்கள்.

மூன்றையும் துணிப்பட்டையால் இணையுங்கள். முதலுக்கும் இரண்டாவதுக்கும் மேல் ஓரத்தில், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் அடி ஓரத்தில். இப்படித் தைத்தால் விசிறி மாதிரி மடிந்து நிற்கும். பகலில் ஒன்று உட்கார, இரண்டு முதுகுக்கு. ராத்திரி முதல் துண்டின் பிடியைப் பிடித்து முன்னால் இழுத்தால் மூன்றும் விரிந்துவிடும். இரண்டு இணைப்பையும் ஒரே பக்கம் தைத்தால் மூன்றாவது துண்டு மடங்காமல் முறுக்கிக்கொள்ளும்.

வெல்க்ரோவில் முரட்டுப் பக்கம் பலகையில், மிருதுப் பக்கம் மெத்தையில். மாற்றி வைத்தால் பெட்ஷீட்டையெல்லாம் பிடித்துக் கிழிக்கும். உறைக்கு மேலே காட்டன் கேன்வாஸ், அடியில் வலைத்துணி. ரெக்சின் இங்கத்தப் புழுக்கத்துக்கு ஆகாது, வியர்வை ஒட்டும். ரெக்சினை ப்ளைவுட் மேல் போட்டால் அடியில் ஈரம் தேங்கிப் பூசணம் பிடிக்கும். ப்ளைவுட்டாகத்தான் இருக்கிறது என்றால் 100 மில்லிக்கு ஒன்றாக 25 மில்லி ஓட்டை போடுங்கள். ஜிப் நைலான் ஜிப்பாக இருக்கட்டும்.

தென்னை நார் மெத்தை கேட்பவர்கள் உண்டு. காற்றோட்டத்துக்கு நல்லது. துண்டுக்குள்ளே மடிக்காதவரை தாராளமாகப் போடலாம். மடித்தால் அந்த இடத்தில் நார் விட்டுப்போகும்.

ஆரல்வாய்மொழி

ஈகோ, ஆம்னி இரண்டிலும் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில். நெடுநேரம் ஓட்டி நிறுத்தினால் அங்கே சூடு நிற்கும், தலையைப் பின்பக்கம் வையுங்கள். கட்டிலின் முன்நுனி முன் சீட்டைத் தூக்க விடாமல் தடுக்கக் கூடாது. கணவாய்க் காற்றடிக்கிற மாதங்களில் எங்க பக்கம் நிறுத்தினால் வண்டி முகம் மேற்கே பார்க்கட்டும். டிக்கியைக் காற்றுக்குக் காட்டினால் திறக்கிறபோதே பிடுங்கும்.

நாகர்கோவில், வண்டி பாடி வேலை

எல்லாரும் கட்டிலைப் பற்றியே சொல்கிறீர்கள், சாமானை யாரும் பேசவில்லை. விரிக்க நேரமாவது சாமானால்தான். பெட்டிக்கு மேல்மூடி வைத்து, அதற்கு மேல் மெத்தை, அதற்கு மேல் பை. பிறகு அடியில் இருக்கிற போர்வையை எடுக்க எல்லாவற்றையும் கிளப்பணும். மூடியை விட்டுவிட்டுப் பெட்டியின் பக்கவாட்டில் வாய் வையுங்கள், ஸ்லைடிங் கதவைத் திறந்தால் கை போகும்படி ஒன்று, இழுப்புக் கட்டிலாக இல்லாவிட்டால் உள்ளே நடைபாதைப் பக்கம் இன்னொன்று. போர்வை, தலையணை, டார்ச், தண்ணீர் இவை ராத்திரிப் பை ஒன்றில் முன் சீட்டுக்குப் பின்னால் தொங்கட்டும். கட்டில் வரும் தரையில் பகலிலும் எதுவும் வைக்காதீர்கள்.

பொருத்தும்போது தரையில் புது ஓட்டை போடாதீர்கள். அடியில் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் போகும், போட்ட ஓட்டை வழியாகத் துருவும் ஏறும். சிஎன்ஜி வண்டியில் சிலிண்டர் வால்வுக்குக் கை எட்டணும், பலகையால் அடைக்கக் கூடாது.

ஆர்சியில் இருக்கை எண்ணிக்கை எழுதியிருக்கும். கம்பெனி சீட்டைக் கழற்றிப் பெட்டியை நிரந்தரமாகப் பொருத்தினால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52ன் கீழ் அது வண்டியில் மாற்றம். நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கிவிட்டுச் செய்யுங்கள். சீட் பெல்ட் பிடிப்பு இல்லாத பெட்டி இருக்கையில் ஓட்டத்தில் யாரையும் உட்கார வைக்காதீர்கள், பிள்ளைகளை நிச்சயமாகக் கூடாது. பிரேக் அடித்தால் கழன்ற பலகை நேராக ஓட்டுநர் முதுகுக்குத்தான் வரும். ரீப்பர் பாயையும் மேசையையும் பெல்ட் போட்டுக் கட்டுங்கள்.

குலசேகரம்

ரொம்ப நன்றி. ரீப்பர் பாய்தான் முதலில் செய்யப் போகிறேன். தக்கலை அண்ணே, இழுப்புக் கட்டில் ஒன்று பக்கத்து வண்டியில் பார்த்தேன், கடைசி ஒரு சாண் வரும்போது கோணிக்கொண்டு இறுகுகிறது. அதுவும் 3 மில்லி விஷயமா? உயரம் எவ்வளவு வைக்கணும்?

தக்கலை, தச்சு வேலை

அது மூலையைப் பிடித்து இழுப்பதால் வருவது. 1101 அகலத்துக்கு, கடைசியில் உள்ளே நிற்பது 120 மில்லிதான். ஒரு மூலை முந்தினால் ரீப்பர்கள் சாய்ந்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், அப்போது பலமாக இழுக்க இழுக்க இறுகும். மறு மூலையைத் தட்டி நேராக்கிவிட்டு இழுக்கணும். முன்பலகையின் சரியான நடுவில் பெல்ட் வளையம் ஒன்றை வைத்து, அதை மட்டுமே பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். தள்ளும்போது இரண்டு கையையும் சம தூரத்தில் வைத்துத் தள்ளணும். தரையில் மேட் சுருண்டிருந்தாலும் ஒரு பக்கம் பிடிக்கும், கட்டில் ஓடுகிற இடத்தில் மேட்டை வெட்டிவிடுங்கள்.

உயரத்தைக் கூரையிலிருந்து கீழே அளங்கள். உங்கள் வீட்டில் உயரமான ஆளைத் தரையில் நிமிர்ந்து உட்காரவைத்து உச்சிவரை அளந்து, அதோடு 50 மில்லி சேருங்கள். கூரையிலிருந்து அவ்வளவு கீழே மெத்தையின் மேல்மட்டம். அதிலிருந்து மெத்தை 100, ரீப்பர் 25 கழித்தால் மிச்சம்தான் பெட்டி. அடியில் இடம் கிடைக்கிறதே என்று பெட்டியை உயர்த்தினால், ராத்திரி மடங்கி உட்கார்ந்துதான் மெத்தையை இழுக்க வேண்டிவரும்.

வண்டியின் உள்ளகலத்தைத் தரையிலும், சக்கர வளைவிலும், ஜன்னலுக்குக் கீழேயும் மூன்று இடத்தில் எடுங்கள், மூன்றும் வேறாக இருக்கும். சிறிய அளவுக்குத்தான் பலகை வெட்டணும். தடி மில்லில் அறுக்கும்போதே ரீப்பர் இரண்டு கூடுதலாக அறுத்து வாங்கி வையுங்கள், பிறகு ஒன்று உடைந்தால் அதே கனத்தில் கிடைக்காது.