'இயங்கு நிலையின்மை' வேண்டாம், 'கூடிக்குலைவு' எப்படி?

ஐயா, உங்கள் வரைவில் டைனமிக் இன்ஸ்டபிலிட்டிக்கு (செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்கள் வளர்வதும் திடீரென்று உதிர்வதுமாக இருக்கும் குணத்துக்கு) நீங்கள் தந்த 'இயங்கு நிலையின்மை' சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனால் படித்தால் கண்முன் ஒன்றும் வரவில்லை. 'நிலையாமை' என்று சுருக்கினால் இன்னும் சிக்கல், துறவு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

இந்தக் குணத்தைக் கண்டு சொன்ன உயிரியலாளர் மிட்சிசன் என்ன பார்த்தார் என்பதிலிருந்து தொடங்கலாமே. சான் ஃபிரான்சிஸ்கோவில் பேராசிரியர் கிர்ஷ்னரிடம் ஆய்வு மாணவராக இருந்தபோது அவர் பார்த்தது இதுதான்: ஒரே கரைசலில் சில நுண்குழல்கள் நீள்கின்றன, பக்கத்திலேயே மற்றவை உதிர்கின்றன, எண்ணிக்கை குறையக் குறைய மிஞ்சியவற்றின் நீளம் கூடுகிறது. 1984இல் இருவரும் நேச்சர் இதழில் எழுதினார்கள். வெறும் 25 நானோமீட்டர் தடிமனுள்ள குழல் மெதுவாக வளரும், திடீரென்று மளமளவென உதிரும், முழுதும் தீர்வதற்குள் மறுபடி வளரவும் தொடங்கலாம். செல் பிரியும்போது குரோமோசோம்களைத் துழாவிப் பிடிக்க இந்தக் குணம்தான் உதவுகிறது, ஆகவே இதைக் குறைபாடு போலக் காட்டும் '-இன்மை' எனக்கு ஒப்பவில்லை.

முதலில் 'வளர்தேய்வு' என்று நினைத்தேன். நிலவு நாள் தவறாமல் தேயும், இது எப்போது திரும்பும் என்று சொல்லவே முடியாது, அதனால் விட்டுவிட்டேன். 'வளர்சரிவு' வினைத்தொகையாகி 'வளர்கின்ற சரிவு' என்று பொருள் தந்துவிடும், நேர் எதிர்! அப்புறம்தான் 'கூடிக்குலைவு' தோன்றியது. டியூபுலின் என்ற புரத மூலக்கூறுகள் கூடித்தான் குழலாகின்றன, குலைந்தால் திரும்ப டியூபுலின்தான். தற்செயலாக மாறுவது இதிலும் வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஆங்கிலச் சொல்லிலும் அது இல்லையே.

இதை ஏற்றால், வளர்ச்சி திடீரென உதிர்வாக மாறும் கட்டாஸ்ட்ராபிக்குக் 'குலைவு', உதிர்வு நின்று மறுபடி வளரும் ரெஸ்க்யூவுக்கு 'மீட்சி' என்று தாமாக அமைந்துவிடும். 'பேரழிவு' என்று மட்டும் போடாதீர்கள், வெள்ளச் செய்தி மாதிரி இருக்கும்.

இன்னொன்று. குழலின் நுனியில் டியூபுலினோடு ஒட்டிய குவனோசின் முப்பாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறுகளின் தொப்பி இருக்கும்வரை வளர்ச்சி, அது இருபாஸ்பேட்டாகித் தொப்பி போனால் குலைவு. வரைவில் இரண்டையுமே (GTP, GDP) 'ஜிடிபி' என்று எழுதியிருக்கிறீர்கள், நம் எழுத்தில் டி-க்கும் டி-க்கும் வேறுபாடு கிடையாதே! அந்தப் பத்தியைப் படித்தபோது எனக்கே பொருளாதாரக் கட்டுரையோ என்று தோன்றியது. 'முப்பாஸ்பேட்', 'இருபாஸ்பேட்' என்றே விரித்து எழுதிவிடலாமா?