வழுவைச் சொல்ல வருபவருக்கு வாசல் எங்கே? டிராக்கர் தேர்ந்தெடுத்த அனுபவம்

பாமினி, டிஸ்கி போன்ற பழைய எழுத்துக் குறியீட்டு முறைகளில் தட்டிய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சிறிய கட்டற்ற மென்பொருள் ஒன்றை நண்பர்கள் சிலர் சேர்ந்து பராமரிக்கிறோம். நிரல் கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தில் இருந்ததால், வழுக்களை (மென்பொருள் பிழைகளை) பதிந்து பின்தொடரும் பட்டியலும், அதாவது டிராக்கரும், அங்கேயே இருக்கட்டும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

ஆனால் இதைப் பயன்படுத்துகிறவர்கள் யார்? அச்சகத்தில் பக்கம் அமைப்பவர்கள், ஆசிரியர்கள், பழைய விழா மலர்களை மின்னூலாக்குபவர்கள். "கொம்பு தனியா நிக்குது, பக்கத்துல ஒரு புள்ளி வட்டம்" என்று வாட்ஸப்பில் ஒரு படம் வரும். அந்த ஒரு வரியில் வழு துல்லியமாக இருக்கிறது. பழைய எழுத்துருவில் 'கெ' என்பதற்குக் கொம்பு முதலில், ககரம் பிறகு. யூனிகோடில் வரிசை நேர்மாறு. எங்கே சறுக்கியது என்று பார்க்க மூலக் கோப்பு வேண்டும், படம் போதாது. அவரிடம் போய்க் கணக்குத் தொடங்குங்கள், ஆங்கிலப் படிவத்தை நிரப்புங்கள் என்றால் அடுத்த வழுவை அவர் சொல்லவே மாட்டார். நமக்கு நஷ்டம்.

டெபியன் என்ற லினக்ஸ் திட்டத்தில் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும், வழுவுக்கு எண் கிடைத்துவிடும், கணக்கே வேண்டாம். அதே வசதி வேண்டும் என்றுதான் கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேப்புக்கு மாறினோம். அதில் சர்வீஸ் டெஸ்க் என்று ஒன்று உண்டு: வரும் மடல் தானாக ஒரு இஸ்யூ (வழுப் பதிவு) ஆகிவிடும், நாம் அங்கே எழுதும் பதில் அவருக்கு மடலாகப் போகும். அப்படி வருபவை முதலில் பொதுப் பார்வைக்குத் தெரியாது. அனுப்பியவரின் முகவரி வெளியே போகாது என்பதால் இது எனக்கு மிகவும் பிடித்தது. இப்போது கோப்புகள் இணைப்பாகவே வருகின்றன.

பதில்:
நல்ல முடிவு. என் பங்குக்கு ஒன்று. நான் உதவிய திட்டத்தில் சொந்த சர்வரில் பக்ஸில்லா என்ற டிராக்கர் ஓடியது. தேடல் வசதி அருமை. ஆனால் அதைக் கவனித்துக்கொண்டவர் விலகியதும் ஸ்பாம் கணக்குகள் குவிந்தன, அப்டேட் போட ஆளில்லை. அதனால் வசதிப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் யார் பார்த்துக்கொள்வார் என்றுதான் கேட்பேன். 2006இல் பைத்தான் நிரல்மொழிக் குழு முதலில் பரிந்துரைத்தது ஜிரா என்ற டிராக்கரை. ரவுண்டப் என்ற இன்னொரு டிராக்கரை நிர்வகிக்கத் தன்னார்வலர்கள் முன்வந்தால் அதையே எடுக்கலாம் என்றும் சொன்னார்கள். ஆட்கள் வந்தார்கள், ரவுண்டப் வந்தது. 2022இல் அதையும் விட்டுக் கிட்ஹப்புக்குப் போனார்கள். ஜாங்கோ என்ற வலைச் செயலிச் சட்டகமோ நிரலைக் கிட்ஹப்பில் வைத்துக்கொண்டு வழுக்களுக்கு டிராக் என்ற தனி டிராக்கரையே தொடர்கிறது.

நீங்களும் ஒருநாள் இடம் மாறலாம். வழுப் பட்டியலை சிஎஸ்வியாக (வெறும் அட்டவணைக் கோப்பாக) எடுத்தால் உரையாடல்கள் வராது; கருத்துகளும் இணைப்புகளும் சேர்ந்து வரும் முழு புராஜெக்ட் எக்ஸ்போர்ட்டை அவ்வப்போது எடுத்து வையுங்கள். அந்த பாமினி கோப்புகள் மறுபடி எங்கேயும் கிடைக்காது.