புளூடூத்தில் பேசிக்கொண்டே கார் ஓட்டுவது அவ்வளவு தப்பா?

கேள்வி:
வேலை விஷயமாக நாள் முழுக்கக் காரில்தான் சுற்றுகிறேன். போனைக் கையால் தொடுவதே இல்லை. எல்லாம் புளூடூத். கை ஸ்டியரிங்கில், கண் ரோட்டில். இருந்தும் வீட்டில் தினமும் திட்டு. பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பேசினால் மட்டும் ஆபத்து இல்லையா?

பதில் (கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர்):
வீட்டில் சொல்வதுதான் சரி. சிக்கலான பேச்சு வந்ததும் ஓட்டுபவரைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். முதலில் ஆக்சிலரேட்டரில் கால் தளரும். அப்புறம் கண்ணாடி பார்ப்பது நின்றுபோகும். பார்வை நேராக ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். சிக்னல் பச்சையானாலும் பின்னால் ஹாரன் அடித்தால்தான் நகர்வார். கேட்டால், "பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்பார். பொய் இல்லை. கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

1997-இல் கனடாவில் ரெடெல்மயர், டிப்ஷிராணி இருவரும் விபத்தில் சிக்கியவர்களின் போன் பில்லை வைத்து ஆராய்ந்தார்கள். பேசும்போது விபத்து வாய்ப்பு சுமார் நாலு மடங்கு. ஹேண்ட்ஸ்ஃப்ரீ வைத்திருந்ததால் எந்தச் சலுகையும் தெரியவில்லை.

பக்கத்தில் இருப்பவருக்கு ரோடு தெரியும். முன்னால் லாரி பிரேக் போட்டால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு "பார்த்து!" என்று கத்துவார். போனில் இருப்பவருக்கோ நீங்கள் ஓவர்டேக் செய்வது தெரியாது, "அந்தக் கணக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். (பக்கத்தில் இருப்பவர் சண்டை போட்டுக்கொண்டு வந்தால் கதை வேறு. அது உங்கள் வீட்டு விஷயம்.)

இன்னொருவர்:
ஐபோன் என்றால் டிரைவிங் ஃபோகஸ் (ஓட்டும்போது போனை அடக்கிவைக்கும் செட்டிங்) போடுங்கள் என்று சொல்ல வந்தேன். ஆனால் அதில் ஒரு ஓட்டை. கார் புளூடூத்தோடு இணைந்திருந்தால் அழைப்புகளை உள்ளே விட்டுவிடும். உங்களுக்கு, அழைப்புகளை மணி அடிக்காமல் அடக்கிவைக்கும் டூ நாட் டிஸ்டர்ப்தான் சரி. ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு தடவை கூப்பிட்டால் மட்டும் மணி அடிக்கும்படி வைத்துக்கொள்ளலாம், அவசரத்துக்கு உதவும்.

கேட்டவர்:
நன்றி. ஆனால் மேனேஜர் கூப்பிட்டு உடனே எடுக்கவில்லை என்றால் குதிப்பாரே?

பதில் (கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர்):
குதிக்கட்டும். கிளம்பும் முன்பே "இத்தனை மணி வரை வண்டியில் இருப்பேன்" என்று ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள், பாதிக் குதிப்பு அடங்கும். மீதிக்கு, வண்டி நிறுத்த இடம் வந்ததும் ஓரங்கட்டிக் கூப்பிடுங்கள்.

ஒன்று விட்டுப்போனது. போனை வைத்த கையோடு வண்டியை எடுக்காதீர்கள். காரில் குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் 27 நொடி வரை கவனச் சிதறல் நீடிக்கலாம் என்று 2015-இல் யூட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ரேயர் குழு கண்டது. மேனேஜரிடம் திட்டு வாங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் சேர்த்தே உட்காருங்கள்.