ஐபி போட்டால் திறக்கிறது, பெயர் போட்டால் இல்லை: வீட்டு நெட்வொர்க்கில் ராஸ்பெர்ரி பை

மாடிவீடு:
கீழே ஃபைபர் மோடம் (192.168.1.1). அதிலிருந்து மாடிக்குக் கேபிள் போய், சொந்த ரவுட்டரின் இன்டர்நெட் போர்ட்டில் செருகியிருக்கிறது. மாடி ரவுட்டர் கொடுப்பது 192.168.0 வரிசை. அதில்தான் பை (சின்னக் கணினி) இருக்கிறது: பெயர் ஸ்டோர், பையிலேயே நிலையாகப் போட்ட ஐபி முகவரி 192.168.0.20, சாம்பா ஷேர் (மற்றக் கருவிகள் திறக்கும் பொதுக் கோப்புறை).

மாடியில் ஐபோன் ஸ்டோர்.லோக்கல் என்றால் திறக்கிறது. அதே வைஃபையில் விண்டோஸ் 11 லேப்டாப் ஐபிக்குத் திறக்கிறது, வெறும் "ஸ்டோர்" என்றால் இல்லை. பெயருக்கு முகவரி தேடிப் பார்க்கும் என்எஸ்லுக்அப் கட்டளையில் ஸ்டோர்.லோக்கல் கேட்டால் அப்படி டொமைனே இல்லை என்கிறது. லேப்டாப்பில் டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றித் தரும் சர்வர்) கூகுளின் 8.8.8.8. கீழ் வைஃபையில் பெயரும் இல்லை, ஐபியும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

கம்பிவலை:
கீழ்த்தளத்திலிருந்து தொடங்குங்கள். ஐபியே எட்டவில்லை என்றால் அது பெயர்ச் சிக்கல் அல்ல. உங்களிடம் இருப்பது இரட்டை நாட்: மோடமும் மாடி ரவுட்டரும் தனித்தனியே ஒரு உள்நெட்வொர்க்கை மறைத்து வைத்திருக்கின்றன. கீழிருந்து வரும் இணைப்பை மாடி ரவுட்டர் உள்ளே விடாது. ".லோக்கல்" பெயர்களைச் சர்வர் இல்லாமல் கருவிகளே ஒன்றையொன்று கேட்டுக் கண்டுபிடிக்கும் முறை எம்டிஎன்எஸ்; அது 224.0.0.251 என்ற குழு முகவரி, யுடிபி 5353-இல் பேசுவது, ரவுட்டர் தாண்டாது.

மாடி ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் ஆக்குங்கள், அதாவது தனி நெட்வொர்க் வைக்காமல் மோடத்தின் நெட்வொர்க்கையே வைஃபையாக நீட்டட்டும். வரிசை முக்கியம். முதலில் பையை டிஹெச்சிபிக்கு (முகவரியைத் தானாக வாங்கும் முறைக்கு) மாற்றுங்கள். மறந்தால் அது பழைய 192.168.0.20-லேயே தனியாக நின்றுவிடும். பிறகு ரவுட்டரின் லேன் (வீட்டுப் பக்க) முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள் (மோடத்தின் டிஹெச்சிபி வரம்புக்குள் அது விழக்கூடாது). அந்த முகவரியில் மறுபடி உள்ளே போய் டிஹெச்சிபியை அணையுங்கள். கடைசியாகக் கேபிளை இன்டர்நெட் போர்ட்டிலிருந்து லேன் போர்ட்டுக்கு மாற்றுங்கள். மெனுவில் ஆக்சஸ் பாயின்ட் மோடு இருந்தால் ரவுட்டரின் அமைப்புகளை அதுவே மாற்றிக்கொள்ளும்; பையை மட்டும் நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

பாக்கெட்பிரியன்:
விண்டோஸ் பக்கம் நான் சொல்கிறேன். என்எஸ்லுக்அப்பை இதற்கு நம்பாதீங்க. அது நேரே டிஎன்எஸ் சர்வரைத்தான் கேட்கும், எம்டிஎன்எஸ் பக்கமே போகாது. 8.8.8.8-க்கு உங்க வீட்டு ஸ்டோரை எப்படித் தெரியும்? பிங் ஸ்டோர்.லோக்கல் என்று பாருங்க. அதுவும் விழுந்தால் வைஃபை ப்ராப்பர்ட்டீஸில் நெட்வொர்க் ப்ரொஃபைல் பப்ளிக்காக இருக்கா என்று பார்த்து ப்ரைவேட் ஆக்குங்க. விபிஎன் ஓடினால் நிறுத்திவிட்டுச் சோதிங்க.

வெறும் "ஸ்டோர்" டிஎன்எஸ் வழியாக வேண்டுமானால் லேப்டாப்பின் டிஎன்எஸ்ஸாக மோடமே இருக்கணும். அதுவும் டிஹெச்சிபியில் வாங்கிய பெயர்களுக்கு அது பதில் சொல்லும் ரகமாக இருந்தால்தான். முதலில் மோடம், இரண்டாவதாக 8.8.8.8 என்று போடுவது பலரும் செய்கிற வேலை; பயனில்லை. "அப்படிப் பெயர் இல்லை" என்பதும் ஒரு பதில்தான், அது வந்துவிட்டால் இன்னொரு சர்வரைக் கேட்காது.

மாடிவீடு:
ஆக்சஸ் பாயின்ட் ஆக்கியாச்சு, லேப்டாப்பும் சரி. மோடத்தில் பைக்கு எப்போதும் அதே முகவரி கிடைக்க 192.168.1.20 ரிசர்வ் செய்திருக்கிறேன். கீழிருந்து ஐபி எப்போதும் கிடைக்கிறது. ஆனால் ஸ்டோர்.லோக்கல் பையை ரீஸ்டார்ட் செய்ததும் சில நிமிடம் வருகிறது, பிறகு காணாமல் போகிறது.

கம்பிவலை:
காரணம் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்காக இருக்கலாம்: குழு முகவரிக்கு வரும் பாக்கெட்டுகளை, அந்தக் குழுவில் இருப்பவர்களுக்கு மட்டும் அனுப்பும் வசதி. பை எழும்போது "இந்தக் குழுவில் நான் இருக்கிறேன்" என்று அறிவிக்கும், ரவுட்டர் குறித்துக்கொள்ளும். இடையிடையே யாராவது கேட்டால்தான் அந்தக் குறிப்பு புதுப்பிக்கப்படும். கேட்பவர் இல்லையென்றால் வழக்கமான 260 விநாடியில் காலாவதி. 224.0.0 வரிசையை எப்போதும் எல்லாப் போர்ட்டுக்கும் விட வேண்டும் என்பதுதான் பரிந்துரை, சில ரவுட்டர்களின் உள் மென்பொருள் (ஃபர்ம்வேர்கள்) அதையும் வடிகட்டிவிடுகின்றன. எம்டிஎன்எஸ்ஸில் முகவரிப் பதிவின் ஆயுள் 120 விநாடிதான், அதனால் போனின் நினைவில் இருப்பதும் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

மோடம், மாடி ரவுட்டர் இரண்டிலும் ஸ்னூப்பிங்கை அணைத்துப் பாருங்கள். ஐபிடிவி (இணைய வழி டிவி) அதே கம்பியில் ஓடினால் மட்டும் யோசியுங்கள். வீடியோ வெள்ளம் வைஃபைக்குள் பாயும். வைஃபையில் கிளையன்ட் ஐசொலேஷன் (கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதைத் தடுக்கும் வசதி) இருந்தால் அதையும் அணையுங்கள்.

பாக்கெட்பிரியன்:
இன்னொன்று. டிஎன்எஸ்ஸாக இருக்கும் மோடத்தின் மெனுவில் லோக்கல் டொமைன் என்று நிரப்பும் கட்டம் இருந்தால் அதில் ".லோக்கல்" எழுதிடாதீங்க, 2013-லிருந்து அது எம்டிஎன்எஸ்ஸுக்கே ஒதுக்கப்பட்டது, இரண்டும் மோதும். வீட்டுக்கென்று 2018-இல் ஒதுக்கியது "ஹோம்.ஆர்ப்பா", அதைப் போடுங்க. ஸ்டோர்.ஹோம்.ஆர்ப்பா ஆண்ட்ராய்டில் மட்டும் திறக்கலைன்னா ப்ரைவேட் டிஎன்எஸ்ஸையும், பிரவுசரில் மட்டும் திறக்கலைன்னா செக்யூர் டிஎன்எஸ்ஸையும் அணைச்சுப் பாருங்க; இவை இரண்டும் மோடத்தை விட்டுவிட்டு வெளி டிஎன்எஸ்ஸைக் கேட்கலாம்.