புதுப்பிப்பு: பழைய பேரேட்டுத் தாள்களை ஆர்ட் ஜர்னலில் ஒட்டியது

பழைய கணக்குப் பேரேட்டுத் தாள்களை ஆர்ட் ஜர்னலில் (படம், எழுத்து, ஒட்டுவேலை எல்லாம் சேர்த்து நிரப்பும் நோட்டு) ஒட்டினால் மை கலைகிறது, தாள் சுருங்குகிறது, பூஞ்சை வாடையும் அடிக்கிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் வாடை. மூடிய டப்பாவுக்குள் ஒரு கிண்ணத்தில் சமையல் சோடா வைத்து, தாள்கள் அதில் படாமல் 10 நாள் விட்டேன். பெரும்பாலும் போய்விட்டது.

சுருக்கத்துக்குக் காரணம் நான் தண்ணீர் கலந்த பசை. குளூ ஸ்டிக்குக்கு மாறச் சொன்னது பலித்தது. ஒட்டிய பிறகு ஓர் இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்தேன், அவ்வளவுதான்.

அப்புறம் மை. ஈரப் பஞ்சுக்குச்சியால் ஓர் எழுத்தின் ஓரத்தை மட்டும் தொட்டுப் பார்க்கச் சொன்னவருக்குத்தான் பெரிய நன்றி. கறுப்பு மை அசையவே இல்லை. எதிர்பாராதது வேறு: சாதாரண பென்சில் என்று நான் நினைத்த சாம்பல் நிற எழுத்து, ஈரம் பட்டதும் பளிச்சென்று ஊதாவாகிப் பரவியது. அது காப்பியிங் பென்சிலாம். பென்சில் கரியான கிராஃபைட்டோடு, தண்ணீரில் கரையும் அனிலின் சாயம் கலந்து செய்தது. சோதிக்காமல் ஒட்டியிருந்தால் அந்த அழகான கையெழுத்து முழுவதும் போயிருக்கும்.

அந்தப் பக்கங்களை லேசர் நகல் எடுத்து, நகலையே ஒட்டினேன். இங்க்ஜெட் நகல் வேண்டாம், பெரும்பாலும் ஈரத்தில் கலையும். மடித்தாலே ஒடிகிற மரக்கூழ்த் தாள்களுக்கும் இதே வழிதான். அசல்களை அமிலமில்லாத உறையில் பத்திரப்படுத்திவிட்டேன்.