மறு: ‘உணர்திறன்’ போதாதா?

அனைவருக்கும் வணக்கம்.

> பயிற்சி நூலில் ‘emotional intelligence’ என்பதற்கு ‘உணர்திறன்’ என்றே போட்டுவிடலாமே? சின்னதாக, வாயில் நுழைகிற மாதிரி இருக்கிறது.

சின்னதுதான் ஐயா, ஆனால் அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. ஒரு தராசு எவ்வளவு சிறிய எடை மாற்றத்தைக் காட்டும் என்பதற்கு அறிவியலில் அதைத்தான் சொல்கிறோம். தவிர, தராசு காட்டுவதோடு சரி. உளவியலாளர்கள் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் 1990இல் இந்தக் கருத்தை வரையறுத்தபோது, தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் இனங்காண்பதோடு நிற்காமல், அப்படி அறிந்ததைச் சிந்தனைக்கும் செயலுக்கும் வழிகாட்டியாகக் கொள்வதையும் சேர்த்தார்கள். அதனால் ‘அறிவு’ என்ற சொல்லை விட முடியாது.

கல்வியியல் பாடநூல்களில் ‘மனவெழுச்சி நுண்ணறிவு’ இருக்கிறது. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. கோபம் எழும், சரி. வருத்தம் எங்கே எழுகிறது? அமுங்கி உட்கார்ந்துவிடுகிறது.

அப்புறம், இன்னொருவர் சொன்ன ‘உணர்வறிவு’. அழகான சொல். ஆனால் நம் நூலில் ஆன்மிக நலத்துக்குத் தனி இயல் உண்டு. அங்கே ‘உணர்வு’ என்றதும் வாசகர் மெய்யுணர்வு பக்கம் போய்விடுவார். இரண்டுக்கும் உறவு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

அந்த உறவு என்ன என்று பார்க்கக் குறளின் அதிகார வைப்பு உதவுகிறது. சினத்தை ஆள்வதைப் பேசும் ‘வெகுளாமை’ (31), ‘மெய்யுணர்தல்’ (36) இரண்டும் துறவறவியலில். பிறர் மனத்தை முகத்தில் படிக்கும் ‘குறிப்பறிதல்’ (71) அமைச்சியலில். (இதே தலைப்பு காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரமாக மறுபடி வருகிறது. அமைச்சருக்கும் காதலருக்கும் ஒரே திறமை வேண்டியிருக்கிறது!) உள்நோக்கிய பாதி ஆன்மிகத்தின் பக்கம், வெளிநோக்கிய பாதி தலைமையின் பக்கம். நம் சொல் இரண்டையும் தாங்க வேண்டும்.

கூட்டத்தில் ஒருவர் “எனக்கு ஆட்சேபணை இல்லை” என்று சொல்லிவிட்டுப் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறார். அதைக் கவனிப்பது ஒரு பாதி. “அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள்?” என்று நம் வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, கூட்டம் முடிந்ததும் தனியாகக் கேட்பது மறுபாதி.

என் பரிந்துரை: உணர்ச்சியறிவு. ‘நுண்’ வேண்டாம். செயற்கை நுண்ணறிவு நாள்தோறும் காதில் விழும் காலத்தில், இதுவும் ஏதோ மென்பொருள் என்று நினைத்துவிடுவார்கள்.

இதில் ‘ஆளுதல்’ இல்லையே என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதை அடுத்த சொல்லில் வைக்கலாம். தன்னைத் தானே வழிநடத்துவதற்கு வரைவில் இருக்கும் ‘தனிநபர் தலைமை’, ஒரே ஆள் எல்லோரையும் அதட்டுவது போல ஒலிக்கிறது. அதற்குப் பதில் தன்னாளுகை. “உணர்ச்சியறிவு இல்லாமல் தன்னாளுகை இல்லை” என்று எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை.

‘உணர்ச்சியறிவுள்ள’ என்று பெயரடையாக்கும்போதுதான் கொஞ்சம் நீள்கிறது. சுருக்க வழி தெரிந்தவர்கள் இந்த இழையிலேயே சொல்லுங்கள்.

அன்புடன்