அப்பாவின் தடுமாற்றம் வயதாலா, ஈரலாலா?

கொட்டாஞ்சேனை மகள்:
அப்பாவுக்கு 64 வயது. ஈரல் சுருங்கிவிட்டதாகச் சொல்லி மூன்று வருடமாகக் கிளினிக் போகிறோம். குடியே தொடாதவர், சீனி வருத்தமும் ஈரலில் படிந்த கொழுப்பும்தான் காரணம் என்றார்கள். இப்போது இரண்டு கிழமையாகப் பகல் முழுக்க நித்திரை, இரவில் கண் மூடாமல் வீட்டுக்குள் நடக்கிறார். நேற்றுக் கடைக்கணக்குக் கொப்பியைப் பார்த்தேன், முத்து முத்தாக எழுதுகிறவரின் எழுத்து கோட்டை விட்டு இறங்கி, 1 எது 7 எது என்று தெரியாமல் கிடக்கிறது. சொந்தக்காரர்கள் வயதுக்கோளாறு, நித்திரைக் குளிசை கொடு என்கிறார்கள். கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற தாதி:
வேண்டாம் தங்கச்சி, அது இவருக்கு ஆபத்து. குடலில் உண்டாகும் அமோனியாவை ஈரல்தான் யூரியாவாக மாற்றும். ஈரல் தளர்ந்தால் அது இரத்தத்தோடு மூளைக்குப் போய் இப்படித்தான் நித்திரையையும் கையெழுத்தையும் முதலில் குழப்பும். ஹெப்பாட்டிக் என்செபலோபதி என்பார்கள். இரண்டு கையையும் நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள், சிறகடிப்பதுபோல் கை விழுந்து விழுந்து எழும்பினால் பெரும்பாலும் இதுதான். கை ஆடாவிட்டாலும் இன்றைக்கே காட்டுங்கள். மலச்சிக்கல், காய்ச்சல், வயிற்று நீரில் கிருமி, சிறுநீர் போவதற்கான குளிசை கூடிப்போவது, இப்படி ஏதோ ஒன்று தூண்டியிருக்கும், அதைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வைத்தியம். மலம் கறுப்பாகப் போனாலோ, எழுப்பி எழும்பாவிட்டாலோ யோசிக்காமல் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள்.

வெள்ளவத்தை:
அம்மாவுக்கும் இதேதான். லக்டுலோஸ் பாணி கொடுத்தார்கள், வயிற்றால் போகிறதே என்று நாங்களாகவே நிறுத்தி, ஐந்தாம் நாள் அவர் என்னையே யாரென்று கேட்டார். நாளுக்கு 2, 3 தடவை இளக்கமாகப் போகவேண்டும், அதற்குத்தான் அந்த மருந்து. அதைவிடக் கூடினால் நீர் வற்றி மறுபடியும் குழப்பம் வரும், அளவை டொக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். பிறகும் திரும்பி வந்ததால் ரிஃபாக்சிமின் என்ற, குடல் கிருமிகளைக் குறைக்கும் குளிசையும் சேர்த்தார்கள். இன்னொன்று, மீன், பருப்பை வெட்டச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாங்கள் வெட்டி அம்மாவின் தோளெல்லாம் எலும்பாகிவிட்டது. தசையும் அமோனியாவை எடுக்கும், அதனால் ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும், படுக்கமுன் ஏதாவது சாப்பிடவும் வேண்டும் என்று பிறகுதான் சொன்னார்கள்.

கொட்டாஞ்சேனை மகள்:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. அன்றைக்கே கொண்டுபோனோம், கை ஆடியது. நாலு நாளாக மலம் போகவில்லையாம், எங்களிடம் சொல்லவே இல்லை. பாணி தொடங்கி இன்று ஐந்தாம் நாள், இரவில் தூங்குகிறார். காலையில் கொப்பியில் திகதி போடச் சொன்னேன், எழுத்து கோட்டில் நின்றது. ஸ்கூட்டர் திறப்பைக் கேட்கிறார், டொக்டர் சரி என்று சொல்லும்வரை அது என் கைப்பையில்தான்.